சம்பளம் நின்றபின் பிறந்த தாளம்

அரபிக்கடலின் அக்கரையில், ஏமனின் கிழக்குப் பக்கம், ஹளரமௌத் என்றொரு வறண்ட பள்ளத்தாக்கு. மழை அபூர்வம். பேரீச்சையும் தேனும் உண்டு. அவற்றை நம்பி ஓர் ஊர் முழுக்கப் பிழைக்க முடியாது. மண்ணால் ஐந்தாறு மாடி கட்டி வாழ்ந்த கெட்டிக்காரர்கள்தான், ஆனால் பிள்ளைக்கு மீசை அரும்பியதும் வீட்டார் கப்பலைத்தான் காட்டினார்கள். சிலர் ஜாவாவுக்குப் போனார்கள், சிலர் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு. காயல்பட்டினத்தாருக்கும் கீழக்கரையாருக்கும் ஹளரமௌத் என்ற பெயர் புதிதல்ல. வணிகமும் மார்க்கமும் அங்கிருந்து நம் கரைக்கும் வந்தன. ஆனால் தராசைவிடத் துப்பாக்கியில் கை பழகிய கூட்டம் ஒன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் இருந்தது. அவர்களுக்கு வேலை கொடுக்கிற ஊர் ஒன்று தேவைப்பட்டது.

மராட்டியர்கள் கொடுத்தார்கள். பேஷ்வாவும் நாக்பூர் போன்ஸ்லேயும் அரபுச் சிப்பாய்களைக் கூலிக்கு அமர்த்தினார்கள். கோட்டைக்குள் நிறுத்தினால் கடைசி ஆள் விழும்வரை விடமாட்டார்கள் என்று பெயர் எடுத்தவர்கள் அவர்கள். 1818-ல் பேஷ்வாவின் கதை முடிந்தது. ஜெயித்த கம்பெனிக்காரர்களுக்கு இந்த அரபுகளை வைத்துக்கொள்ளவும் மனமில்லை, அவிழ்த்துவிடவும் பயம். ஊருக்கே திரும்பிப் போகட்டும் என்று நினைத்தார்கள். சிப்பாய்களில் பலர் கப்பலேறவில்லை. கிழக்கே, சம்பளம் கொடுக்கக்கூடிய இன்னொரு தர்பார் இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதுதான் ஹைதராபாத். நிஜாமிடம் பணம் இருந்தது, நம்பகமான ஆள் குறைவாக இருந்தார்கள். அரண்மனை வாசலிலும் கஜானா வாசலிலும் நவாபுகளின் மாளிகைகளிலும் அரபுக் காவல் ஏறியது. தலைவர்களுக்கு ஜமேதார் என்று பட்டம். ஜமேதார்கள் சம்பளத்தைச் சேர்த்துவைத்து வட்டிக்கு விட்டார்கள். முதலில் பிரபுக்களுக்கு, பிறகு அரசாங்கத்துக்கே. ஈடாக மாவட்டங்களின் வரி வசூலை எழுதி வாங்கிக்கொண்டார்கள். 1853-ல் திவானாக வந்த முதலாம் சாலார் ஜங்குக்கு, அடகில் இருந்த அந்த மாவட்டங்களை மீட்பது பெரும்பாடாகிவிட்டது. உமர் பின் அவத் அல் குஐத்தி என்ற ஜமேதாரின் கதை இன்னும் விசித்திரம். ஹைதராபாத்தில் அவர் சேர்த்த செல்வத்தைக் கொண்டு அவருடைய பிள்ளைகள் ஹளரமௌத்திலேயே ஒரு ராஜ்ஜியம் பிடித்தார்கள். 1867-ல் ஷிஹ்ர் துறைமுகம், 1881-ல் முகல்லா. நூறாண்டு நடந்தது அந்தச் சுல்தானகம். காவல்காரர் சம்பளத்தில் ஒரு நாடு! ஆனால் இந்தக் கதைக்கு வேண்டியது அவர்கள் பிடித்த நாடு இல்லை, மூட்டையோடு கொண்டுவந்த வேறொரு சாமான்.

மர்ஃபா. கிண்ணம் போன்ற அடிப்பாகத்தில் ஆட்டுத்தோலை இறுக்கிக் கட்டிய மேளம். கூடவே தஃப் என்கிற வட்டப் பறை. நம் ஊர்ப் பறைக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தி வாட்டுவதுபோலத்தான் இந்தத் தோலும். சூடு காட்டினால்தான் கணீரென்று பேசும். கல்யாணத்திலும் பெருநாளிலும் ஹளரமிகள் இதை அடித்துக்கொண்டு கத்தியும் கம்பும் சுழற்றி ஆடினார்கள். சிப்பாய்க்கு ஆட்டமும் ஒருவகைக் கவாத்துதான். ஹைதராபாத்தின் பழைய நகரத்துக்குத் தெற்கே பார்க்கஸில் அவர்கள் குடியேற, மேளமும் அங்கேயே குடியேறியது. இதோடு நின்றிருந்தால் இது ஒரு வெளியூர்ச் சமூகத்தின் கல்யாணச் சடங்காகவே முடிந்திருக்கும். நிற்கவில்லை, ஏனென்றால் அதே கப்பல்களில் இன்னொரு கூட்டமும் வந்திருந்தது. அவர்கள் விரும்பி வந்தவர்கள் அல்லர்.

சித்திகள். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக விற்கப்பட்டு, அரபு எஜமானர்களோடும் வியாபாரிகளோடும் தக்காணத்துக்கு வந்தவர்கள். தக்காணத்துக்கு இது புதிதில்லை; அடிமையாக வந்து அகமத்நகரையே ஆண்ட மாலிக் அம்பர் 1626-ல் இறந்தவர். ஆனால் எல்லா சித்திக்கும் அந்த யோகம் அடிப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வனபர்த்தி சமஸ்தானத்து ராஜா ராமேஷ்வர் ராவ், உயரமும் உடற்கட்டும் கொண்ட ஆப்பிரிக்கர்களைச் சேர்த்து ஒரு மெய்க்காவல் படை அமைத்தார். பின்னால் அந்தப் படை நிஜாமின் கைக்குப் போயிற்று. ஆப்பிரிக்கக் குதிரைப்படைக் காவலர்கள் என்று பெயர். மாசாப் டாங்க் பக்கம் அவர்கள் குடியிருந்த இடத்துக்கு இன்றும் ஏ.சி. கார்ட்ஸ் என்றுதான் பெயர். குளிர்சாதனத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நிஜாம் வெளியே கிளம்பினால் குதிரைமேல் இவர்கள்தான் அணிவகுத்தார்கள். பணி முடிந்து லாயத்துக்குத் திரும்பிய மாலைகளில் அவர்கள் கையில் எடுத்ததும் அந்த மர்ஃபாதான்.

இங்கேதான் மேளம் நிறம் மாறியது. அரபுகளின் அடியோடு ஆப்பிரிக்காவின் அடி கலந்தது. பாட்டில் அரபியும் ஸ்வாஹிலியும் உருதுவும் ஒரே வரியில் உட்கார்ந்தன. டோலக் சேர்ந்தது. தாபி என்ற மரக்குச்சிகள் சேர்ந்தன. வீட்டிலிருந்த உலோகக் குடம்கூட வாத்தியமாயிற்று. யாருடைய மேளம் என்று அரபுக்கும் சித்திக்கும் இடையே தீர்ப்புச் சொல்ல என்னால் ஆகாது; தோல் ஒரு வீட்டுடையது, கை இன்னொரு வீட்டுடையது என்று விட்டுவிடுவது நல்லது. நிஜாமின் விழாக்களிலும் மர்ஃபா ஒலித்தது. மேளம் அடித்தவருக்குக் குதிரை இருந்தது, சீருடை இருந்தது, மாதம் பிறந்தால் சம்பளம் இருந்தது. இந்த நிம்மதி 1948 செப்டம்பர் வரைதான் நீடித்தது.

அந்த மாதம் 13-ஆம் தேதி இந்திய ராணுவம் ஹைதராபாத் எல்லைக்குள் நுழைந்தது. ஐந்தே நாளில் எல்லாம் முடிந்தது. நிஜாம் மாளிகையில் இருந்தார். அவர் ராணுவம் இல்லாமல் போயிற்று. அரபுகள் பலர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள், சிலர் தாங்கள் பார்த்தேயிராத ‘சொந்த நாட்டு’க்குக் கப்பலேற்றப்பட்டார்கள். சித்திக் காவலர்களின் படையும் சிறிது காலத்தில் கலைக்கப்பட்டது. குதிரை போயிற்று, லாயம் போயிற்று. லாயத்தை ஒட்டிய குடியிருப்பு மட்டும் மிச்சம். ஏமனிலிருந்து வந்தவரையாவது ஏமனுக்கு அனுப்பலாம். எந்தக் கரையிலிருந்து எந்தப் பாட்டன் விற்கப்பட்டான் என்றே தெரியாதவரை எங்கே அனுப்புவது?

அவர்கள் அங்கேயே இருந்தார்கள். ரிக்‌ஷா மிதித்தார்கள், கூலி வேலைக்குப் போனார்கள். நிஜாமுக்குப் பக்கத்தில் ஈட்டி பிடித்து நின்ற வம்சம் நாள்கூலிக்கு வரிசையில் நின்றது. கைத்தொழில் என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு ஒன்றுமில்லை, ஒன்றைத் தவிர. ஆனால் அந்த ஒன்றைக் கேட்டுக் காசு கொடுக்கக்கூடிய நவாபுகளும் அதே நேரத்தில் படுத்துவிட்டார்கள். 1949-ல் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டன. மேளமும் இருந்தது, அடிக்கக் கையும் இருந்தது. கேட்க வாசல் இல்லை.

வாசல் எதிர்பாராத திசையில் திறந்தது. நிஜாம் காலம் போனபின் அந்தக் காலத்து ஆடம்பரத்தின்மேல் ஊருக்கு ஆசை கூடியது. அரசாட்சியில் அரண்மனைக்கு முன்னால் கேட்ட மேளம், இப்போது மளிகைக் கடைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் வந்தது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்று அடித்தால் போதும், தெரு நவாபுத் தெருவாகிவிடும். பித்தளை பேண்டுக்காரர்களைப்போலச் சினிமாப் பாட்டு கற்க வேண்டியதில்லை, எக்காளம் வாங்க முதலீடு இல்லை. முதலில் முஸ்லிம் வீடுகள் கூப்பிட்டன. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த இந்து வீடுகளும் கூப்பிட்டன. ஹைதராபாத்தில் இந்தத் தாளத்துக்கு மதமாற்றம் எதுவும் தேவைப்படவில்லை. சந்து திரும்பினால் போதுமாக இருந்தது.

கல்யாணத் தெருவில் மர்ஃபாவுக்கு ஒரு சிக்கல் வந்தது. பழைய அடிகள் கவாத்து நடைக்கும் கத்தி வீச்சுக்கும் ஆனவை. மாப்பிள்ளையின் தோழர்களுக்குக் கத்தி சுழற்றத் தெரியாது, ஆனால் ஆடாமல் இருக்கவும் முடியாது. எளிதாகக் காலில் ஏறுகிற ஓர் அடி வேண்டியிருந்தது. மூன்று மூன்றாக விழுகிற ஒரு வேகமான அடி அப்படித்தான் மற்ற அடிகளை ஓரம் கட்டி முன்னால் வந்தது. யார் முதலில் அடித்தார், எந்தக் கல்யாணத்தில் என்று எழுதிவைத்தவர் இல்லை. தெலங்கானாவின் தப்புக்கும் இதில் பங்குண்டு என்பது என் கட்சி. நம் பறையின் உடன்பிறப்பான தப்பு அடிக்கப்படுகிற ஊரில், தெருவில் பிறந்த ஓர் அடி அதன் சாயல் இல்லாமல் வளர்ந்திருக்க முடியாது. அடிப்பவர் ஆடுபவரின் காலைப் பார்த்தே அடித்தார். கால் தளர்ந்தால் இழுத்து அடித்தார். யாராவது ரூபாய் நோட்டைத் தலையைச் சுற்றி நீட்டினால் முடுக்கினார். மாப்பிள்ளையின் குதிரை மிரண்டால் தணித்தார். இந்தப் பேரம்தான் அதன் உயிர். ஆனால் அந்த அடி கல்யாணத்தோடு நிற்கப் பிறந்ததில்லை.

அடுத்து அது ஏறிய இடம் ஆடி மாதத்து போனாலு. கோல்கொண்டாவில் தொடங்கி, செகந்திராபாத் உஜ்ஜயினி மஹாகாளி கோயில், பழைய நகரத்து லால் தர்வாஜா என்று ஞாயிறு ஞாயிறாக நகரும் அம்மன் திருவிழா. மஞ்சள் பூசி, கையில் சாட்டையோடு அம்மனின் சகோதரன் போத்தராஜு ஆடி வரும்போது, பின்னால் விழுகிற அடி அதுவாக இருந்தது. பிறகு ஹுசேன் சாகரை நோக்கி நகரும் விநாயகர் ஊர்வலங்கள். நிஜாமின் குதிரைப்படையும் ஹளரமௌத்துச் சிப்பாய்களும் தொட்டு வளர்த்த தாளத்துக்குப் பிள்ளையார் தண்ணீரில் இறங்கினார். தோல் மேளத்துக்கு இதைவிடப் பெரிய மேடை கிடைத்திருக்காது. சரியாக அந்த நேரத்தில்தான் ஜப்பானிலிருந்து ஒரு பெட்டி புறப்பட்டது.

1985-ல் ரோலண்டு நிறுவனம் ஆக்டோபேட் என்ற சாதனத்தை வெளியிட்டது. எட்டு ரப்பர் சதுரங்கள். குச்சியால் தட்டினால் இணைத்துவைத்த இன்னொரு கருவியில் இருக்கும் ஒலி கிளம்பும். அந்த முதல் மாடலுக்குச் சொந்தமாக ஒரு சத்தமும் கிடையாது. மறு ஆண்டு ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைக் கொண்டு இசைகோத்தார். அவர் கையில் அது ஒரு புது வாத்தியம். அதே தொழில்நுட்பம் சிக்கனம் தேடியவர்கள் கைக்குப் போனபோது வேறு கணக்காயிற்று: பத்துப் பேர் அமர்ந்த இடத்தில் ஒருவர் போதும். சென்னையிலும் ஹைதராபாத்திலும் ஒலிப்பதிவுக் கூடங்களின் வாசலில் தாளக்கருவிக்காரர்களின் செருப்புகள் குறைந்தன. தெரு மட்டும் இதற்குத் தப்பிவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். தெருவில் மின் இணைப்புக்கு எங்கே போவது?

ஜெனரேட்டர் வந்தது. சக்கர வண்டியில் ஸ்பீக்கர் ஏறியது, அதன் அருகே நின்று ஒருவர் ரப்பர் சதுரங்களைத் தட்டினார். ஹைதராபாத்தில் இதற்குப் பேட் பேண்டு என்று பெயர். தீ மூட்டித் தோல் காய்ச்சும் வேலை இல்லை, மழைக்குப் பயம் இல்லை. மர்ஃபாக்காரர்களின் பிள்ளைகளுக்கு இந்த வேலையில் என்ன மீதி இருந்தது? தட்டுவதற்கு ஓர் ஆளாவது வேண்டியிருந்தது என்பது கொஞ்சம் ஆறுதல். அந்த ஆறுதலும் நிலைக்கவில்லை. டி.ஜே. வண்டிகள் வந்தன. லாரி நிறைய ஸ்பீக்கர், நடுவே மடிக்கணினி. மூன்று மூன்றாக விழும் அந்த அடியை யாரோ ஒரு முறை பதிவு செய்து, வெட்டி, ஒட்டி, சுற்றவிட்டார்கள். அம்மன் பாட்டோ, பிள்ளையார் பாட்டோ, கட்சிப் பாட்டோ, மேலே எது ஓடினாலும் அடியில் அதே துண்டு. சித்தியும் அரபும் தெருவிலிருந்து நகர்ந்தார்கள். அவர்களுடைய அடி மட்டும் பத்து மடங்கு சத்தத்தில் தெருவிலேயே இருந்தது. அதற்கு ஒரு பெயரும் நிலைத்திருந்தது, ஊரே உச்சரிக்கிற பெயர்.

2011-ல் அந்தப் பெயர் சினிமாச் சுவரொட்டியில் ஏறியது. பவன் கல்யாண் நடித்து, மணி சர்மா இசையமைத்த படம்: ‘தீன் மார்’. மூன்று அடி என்று பொருள். தெலுங்குப் படத்தில் நாயகன் கையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் குத்து, ஆந்திரத்துக் கல்யாண வீடியோவில் மாமாவும் அத்தையும் ஆடுகிற ஆட்டம், டப்பிங் படங்கள் வழியாகத் தமிழ்நாட்டுக் காதுக்கும் பழகிய அந்த அதிரடி, எல்லாம் இந்தத் தீன்மார்தான். வி6 தொலைக்காட்சி ஒரு செய்தி நிகழ்ச்சிக்கே அந்தப் பெயரை வைத்தது. அதில் செய்தி சொல்லிப் பிரபலமான ஒருவர் தீன்மார் மல்லன்னா என்றே அறியப்பட்டு, 2024 ஜூனில் தெலங்கானா சட்ட மேலவைக்குத் தேர்வானார். ஏ.சி. கார்ட்ஸ் குடியிருப்பின் மேளம் ஓர் அரசியல்வாதிக்கு அடைமொழியாகிவிட்டது. 2022-ல் ஹைதராபாத் இளைஞன் ஒருவனை நாயகனாக்கி வெற்றிபெற்ற படத்துக்கு ‘டி.ஜே. டில்லு’ என்று பெயர். நாயகனுக்குத் தொழில் மேளம் இல்லை, மடிக்கணினி.

ஜெயித்த இயந்திரம் அடக்கமாக இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஒரு வண்டிக்காரர் எட்டு ஸ்பீக்கர் வைத்தால் அடுத்தவர் பதினாறு வைத்தார். தோல் மேளத்துக்கு ஓர் எல்லை உண்டு: அடிப்பவரின் தோள் வலிக்கும், கை ஓயும், டீ குடிக்கப் போவார். ஸ்பீக்கருக்குத் தோளும் இல்லை, டீயும் வேண்டாம். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. இதய நோயாளிகள் உள்ள வீடுகள் கதவைச் சாத்திக்கொண்டு தவித்தன. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வைத்த வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஊர்வலத்தில் அதை யாரும் அளக்கக்கூட இல்லை. 2024 செப்டம்பரில் விநாயகர் கரைப்பும் மிலாது நபியும் ஒரே வாரத்தில் வந்தன. இரண்டு ஊர்வலங்களிலும் ஒரே ரக வண்டி, ஒரே ரகச் சத்தம். எந்த மதத்தார் அதிகம் தொல்லை கொடுத்தார்கள் என்று சண்டை போடக்கூட இடமில்லை.

அப்போதைய நகரக் காவல் ஆணையர் சி.வி. ஆனந்த் எல்லாத் தரப்பாரையும் கூட்டிவைத்துப் பேசினார். 2024 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரவு வந்தது: மத ஊர்வலங்களில் டி.ஜே. ஒலி அமைப்புகளுக்கும் பட்டாசுக்கும் தடை. ஒலிபெருக்கி வைப்பதானால் அனுமதி வாங்கி, டெசிபல் வரம்புக்குள் வைக்க வேண்டும். இரு தரப்பிலும் பெரியவர்கள் வரவேற்றார்கள். இளைஞர்கள் முணுமுணுத்தார்கள், வேறு பெயரில் வண்டி கட்டப் பார்த்தார்கள். தடை முழுசாக நடக்கிறது என்று சொன்னால் ஹைதராபாத்காரர்கள் சிரிப்பார்கள்.

ஆனால் அந்த உத்தரவு எட்டிய இடம் கவனிக்கத் தக்கது. அது கலவைக் கருவியையும் ஆம்ப்ளிஃபயரையும் பிடித்தது; ஆட்டுத்தோலைத் தொடவில்லை. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சர்க்கார் உத்தரவால் வேலை இழந்த மேளம், இன்னொரு சர்க்கார் உத்தரவால் போட்டியில் ஒரு பிடி பெற்றது. பெற்றதை வைத்துக்கொள்ள ஆட்கள் போதுமான அளவு இல்லை என்பது வேறு வருத்தம். பார்க்கஸிலும் ஏ.சி. கார்ட்ஸிலும் இன்னும் மர்ஃபா அடிப்பவர்கள் இருக்கிறார்கள். வயதானவர்களிடம் இருக்கும் பழைய அடிகளில் பல, தீன்மாரைத் தவிர வேறெதையும் கேட்காத கல்யாணக் கூட்டத்தால் கைமாறாமல் கிடக்கின்றன.

பதிவு செய்த தீன்மார் மோசமான இசை என்று நான் சொல்லமாட்டேன். அதற்கும் கால் ஆடத்தான் செய்கிறது. ஆனால் அது ஆடுபவரைப் பார்ப்பதில்லை. கிழவர் ஒருவர் கூட்டத்துக்குள் வந்து இரண்டு அடி வைத்தால் அவருக்காகத் தாளம் தணிவதில்லை. மாப்பிள்ளையின் தங்கை ஆடத் தயங்கினால் அவளை இழுக்க ஓர் உருட்டு விழுவதில்லை. மர்ஃபாக்காரர் இவை இரண்டையும் செய்வார். ஹைதராபாத்தில் கல்யாணம் வைக்கிறவர்கள், லாரி ஸ்பீக்கருக்கு முன்பணம் கொடுக்குமுன் ஏ.சி. கார்ட்ஸ் பக்கம் ஒரு நடை போய் விசாரிக்கலாம்.